கணக்கில் வராத பந்துகள்

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலுக்கு என்ஜின் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்த நீராவி என்ஜின் இங்கே கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் ஊட்டி வரை டீசல். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் (பந்து எறிபவர்), அதாவது ஸ்டார்டர் இறங்கி, நடுவில் மாற்றாக வரும் ரிலீவர் ஏறுவதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் ஒருமுறை கழற்றிய பிட்சரை அன்றைய ஆட்டத்தில் மறுபடி மாட்ட முடியாது. கிரிக்கெட்டில் நல்ல பவுலரின் இரண்டு ஓவரைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறோமே, அந்த வசதி இங்கே கிடையாது. அதனால்தான் அமெரிக்காவின் முதல்தர லீக்கான மேஜர் லீக்கில் 26 பேர் அணியில் 13 பேர் வரை பிட்சர்கள். அதில் ஏழெட்டுப் பேர் ரிலீவர்கள்.

நியூயார்க்கில் கோடை இரவு 7:10க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4:40. அந்தக் குளிரில் யார் எழுந்திருப்பார்கள்? முதல் டீயோடு ஆறரை மணிக்கு போனைத் திறந்தால் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது ஓடிக்கொண்டிருக்கும். மலையில் இருந்து பேஸ்பால் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்த முகம் ரிலீவருடையதுதான். அவர் தொழிலில் திரையில் வராத பாதி இது.

முதலில் புல்பென். வேலிக்கு அப்பால் ரிலீவர்கள் உட்கார்ந்து தயாராகும் இடம். ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் ரப்பர் பட்டையை இழுத்துத் தோளைச் சூடாக்க ஆரம்பிப்பார்கள். டக்-அவுட்டிலிருந்து போன் வந்ததும் எழுந்து, முதலில் கேட்சரை (பந்தைப் பிடிப்பவர்) நிற்க வைத்து லேசாக நாலைந்து பந்து, பிறகு அவரை உட்கார வைத்து ஃபாஸ்ட்பால், அதற்குப் பிறகு பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர், கடைசி நாலைந்து முழு வேகத்தில். மொத்தம் 15இலிருந்து 25 பந்துக்குள் ஆள் தயார். அதற்குள் களத்தில் டபுள் ப்ளே (ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்) விழுந்து இன்னிங்ஸ் முடிந்துவிடும். "உட்காரு" என்று மறுபடி போன். அடுத்த இன்னிங்ஸில் இன்னொரு பத்துப் பந்து, மறுபடி உட்காருவார். ஆட்டம் முடியும்போது ஸ்கோர்கார்டில் அவர் பெயரே இருக்காது. தோளுக்கும் முழங்கைக்கும் மட்டும் முப்பத்தைந்து பந்து தெரியும். அடுத்த நாள் மேனேஜர் பட்டியலைப் பார்த்து "இவர் நேற்று எறியவில்லையே" என்று கூப்பிட்டால்தான் வினை. நல்ல புல்பென் கோச் எத்தனை முறை எழுந்தார், எத்தனை எறிந்தார் என்று தனி நோட்டு வைத்திருப்பார். தொடர்ந்து மூன்று நாள் ஒரே ஆளை எறியவிடுவதை இன்று பெரும்பாலான அணிகள் தவிர்க்கின்றன.

முன்பு அப்படி இல்லை. 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் இறங்கி 208 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார், எல்லாமே ரிலீஃப். அந்த ஆட்ட எண்ணிக்கையை யாரும் இன்னும் தொடவில்லை. அதே வருஷம், அதே அணியில், டாமி ஜான் என்ற ஸ்டார்டருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறிடத்துத் தசைநாரை எடுத்து அங்கே பொருத்தினார். இன்று அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் என்றுதான் பெயர். அதிலிருந்து மீண்டு வர ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும்.

அடுத்தது மதிப்பெண் விவகாரம். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் ரிலீவருக்குக் கிடைக்கும் சேவ் 1969இல் அதிகாரபூர்வக் கணக்கானது. ஜெயித்த ஆட்டத்தின் கடைசி பிட்சராக இருக்க வேண்டும், வெற்றி வேறொரு பிட்சர் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றோடு மூன்றில் ஒன்று நடந்தால் போதும். மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையோடு வந்து ஒரு முழு இன்னிங்ஸ் எறியலாம். ஸ்கோரைச் சமன் செய்யக்கூடிய ஆள் பேஸிலோ (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலை), மட்டையோடோ, அடுத்துக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது வந்து முடித்துக் கொடுக்கலாம். அல்லது கடைசி மூன்று இன்னிங்ஸையும் சரியாக எறியலாம். மூன்று ரன் முன்னிலையில் காலி பேஸோடு ஒன்பதாவது இன்னிங்ஸை முடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. ஏழாவது இன்னிங்ஸில் பேஸ் மூன்றும் நிரம்பி, ஒரே ரன் முன்னிலையில் வருகிறவர் பாடுதான் பாடு. அவருக்கு சேவ் கிடைக்காது. கோட்டை விட்டால் மட்டும் 'ப்ளோன் சேவ்' என்று பெயருக்கு நேரே எழுதிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இது அநியாயம்.

இ.ஆர்.ஏ.வும் (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் பொறுப்பில் விழும் ரன்களின் சராசரி) ரிலீவரைப் பொறுத்தவரை அரைக்கணக்குதான். ஸ்டார்டர் இரண்டு பேரை பேஸில் விட்டுவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். ரிலீவர் முதல் பந்திலேயே டபுள் (அடித்தவர் இரண்டு பேஸ் ஓடும் அடி) கொடுக்கிறார், இரண்டு பேரும் ஓடி வந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு ரன்னும் ஸ்டார்டர் கணக்கில்தான் ஏறும். மூட்டிய நெருப்பை அணைக்க வந்தவர் எண்ணெய் ஊற்றிவிட்டு 0.00 என்ற சுத்தமான எண்ணோடு போகலாம். அதனால் ரிலீவரை எடைபோடும்போது பேஸில் நின்றவர்களில் எத்தனை பேரை ஓடவிட்டார் என்று தனியாகப் பாருங்கள்.

பதவி நிலையும் ஒரு மாதிரிதான். 'ஆப்ஷன்' (கீழே அனுப்ப அணிக்குள்ள உரிமை) மிச்சமுள்ள இளம் ரிலீவரைக் கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பலாம், திரும்பக் கூப்பிடலாம். 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அனுப்பப்படுவது மோசமாக எறிந்ததால் மட்டுமல்ல. நேற்று இரவு 40 பந்து எறிந்து ஆட்டத்தைக் காப்பாற்றியவர் இரண்டு நாளைக்கு உதவமாட்டார். அவரை இறக்கிவிட்டுப் புதுக் கை ஒன்றை ஏற்றுவார்கள். மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷ சர்வீஸ். ஆறு வருஷம் சேர்ந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். அதுவும் மேலே இருக்கும் நாட்களுக்கு மட்டுமே பிரித்துக் கொடுக்கப்படும்.

ரிலீவராகவே பிறந்தவர் குறைவு. 652 சேவோடு முதலிடத்தில் இருக்கும் மரியானோ ரிவேரா 1995இல் ஸ்டார்டராக வந்தவர். 1997இல் கைவந்த, கடைசியில் லேசாக விலகும் கட்டர் என்ற ஒரே பந்தை வைத்து 2013 வரை ஓட்டினார். 601 எடுத்த ட்ரெவர் ஹாஃப்மன் முதலில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). கென்லி ஜேன்சன் 2009 வரை கேட்சர். மட்டையாளர் இவர்களை ஓர் ஆட்டத்தில் ஒருமுறைதான் சந்திப்பார், அதனால் இரண்டு நல்ல பந்து போதும். ஸ்டார்டருக்கு மூன்று, நான்கு வேண்டும்.

நம் ஊர் வேகப்பந்துக்காரர்களுக்கு ஒன்று. உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் பிட்ஸ்பர்க் அணியில் ஒப்பந்தமாகி மைனர் லீக்கில் எறிந்தார்கள். மேஜர் லீக் வரை போகவில்லை. ஈட்டிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஓட்டம் வேகம் கொடுக்கும். இங்கே ஒரு கால் மேட்டில் பதித்த ரப்பர் பலகையைத் தொட்டபடி இருக்க வேண்டும். 10 அங்குல மேட்டிலிருந்து இடுப்புச் சுழற்சியில்தான் வேகம் பிறக்க வேண்டும். கையை மட்டும் வீசினால் முழங்கைதான் முதலில் போகும்.

கடைசியாக, உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் அதே உயரம்தான். 2023 ஏப்ரலில் அங்கே நடந்த மேஜர் லீக் ஆட்டம் 16-11 என்று ரன் மழையாக முடிந்தது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுழலும் பந்தை வளைப்பது காற்றுதான் என்பதால் வளைவும் அதே அளவு குறையும்: கீழே 15 அங்குலம் வளையும் கர்வ்பால் இங்கே 12தான். அடித்த பந்தும் தூரம் போகும். அதனால் மேலே எறியும்போது வளைவை நம்பாமல் வேக வித்தியாசத்தை நம்புங்கள்: ஃபாஸ்ட்பால் கைவீச்சிலேயே மெதுவாக வரும் சேஞ்ச்அப், சுழற்சி குறைந்து தானாக விழும் ஸ்ப்ளிட்டர். ஊட்டியில் பழகிய ஸ்லைடரோடு கோயம்புத்தூரில் இறங்குகிறவர்கள் முதல் நாள் கேட்சரிடம் சொல்லிவைப்பது நல்லது. நினைத்ததைவிடக் கூடுதலாக வளைந்து, பாதிப் பந்து மட்டையாளர் பக்கமுள்ள பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும்.