புகைக்கு விலை வைத்த வக்கீல்

சுற்றுச்சூழல்காரர் என்றாலே கொடி பிடிப்பவர் என்று நினைப்பவர்கள் ஃபிரெட் கிரப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

1984-இல், 30 வயதில், அமெரிக்காவின் 'என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட்' அமைப்புக்குத் தலைவரானார். டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிராக வழக்காடிப் பேரெடுத்த அமைப்பு அது. அதைக் கம்பெனிகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார் இவர். மெக்டொனால்ட்ஸ் தெர்மோகோல் பெட்டிகளைக் கைவிட்டதில் அந்த அமைப்புக்குப் பங்குண்டு. 'விலைபோய்விட்டார்' என்ற வசவும் கூடவே வந்தது.

பெரிய காரியம் அமில மழை விஷயத்தில்தான். இவரது அமைப்பு வடிவமைக்க உதவிய 1990-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்திருத்தம், அமில மழைக்குக் காரணமான, மின்நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடுக்கு நாடு முழுமைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்தது. ஒரு டன்னுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. குறைவாகப் புகைவிட்டவர் மிச்சச் சீட்டை விற்கலாம்; மீறினால் டன்னுக்கு 2,000 டாலர் அபராதம். சிகாகோ சந்தையில் ஏலம் நடந்தது. சட்ட மாணவர்கள்கூடச் சீட்டு வாங்கி, யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கி வைத்தார்கள்! (எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இது.)

புகை குறைந்தது, எதிர்பார்த்ததைவிட மலிவாகவே. கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரி ரயிலில் சல்லிசாகக் கிடைத்ததும் ஒரு காரணம். எல்லாப் புகழையும் சந்தைக்கே கொடுத்துவிட முடியாது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நாட்டுக் கணக்கில் புகை குறைகிறது, சரி. சீட்டை வாங்கிக்கொண்டு புகைவிடும் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு?