பேனாவில் ஓர் ஆய்த எழுத்து: கடைசல் நாட்குறிப்பு

5 ஏப்ரல் 2025, சனி

தொடக்கநிலையில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியைக்கு, சிங்கப்பூரில் ஏப்ரலில் கொண்டாடும் தமிழ்மொழி மாதம் முடிவதற்குள் ஒரு மரப்பேனா கடைந்து (மரத்தை எந்திரத்தில் சுழற்றி உளியால் செதுக்கி) கொடுக்க வேண்டும். அதன் உடலில் பெயரைப் பொறிப்பதைவிட, மரத்தில் மூன்று வட்டத் துளைகள் இட்டு ஆய்த எழுத்தை அமைப்பதே அவருக்குப் பொருத்தமாகப்பட்டது. நண்பர் கொடுத்த அங்சானாத் துண்டு (நம் வேங்கையின் உறவுமரம்) கையிலிருந்தது. 19 மி.மீ. சதுரக் கட்டையின் ஒரு முகத்தில் 2.5 மி.மீ. துளைகள் மூன்றை நேராக இறக்கிவிட்டு, மைக்குச்சி உள்ளே அமர்வதற்கான பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைந்தேன். மேற்புள்ளி வட்டமாக வந்தது. கீழ்ப்புள்ளிகள் இரண்டும் முட்டை வடிவில் நீண்டுவிட்டன. அவற்றில் ஒன்றின் விளிம்பு உளி பட்டுச் சிம்பாகப் பெயர்ந்தது.

6 ஏப்ரல், ஞாயிறு

காரணத்தைத் தாளில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பேனாவின் விட்டம் 10 மி.மீ.; நடுக்கோட்டிலிருந்து 2.6 மி.மீ. விலகி நேராக இறங்கும் துளை, வளைந்த பரப்பை ஏறத்தாழ 31 பாகைச் சாய்வில் வெட்டுவதால், 2.5 மி.மீ. வட்டம் 2.9 மி.மீ. நீளமாகிவிடுகிறது. உள்ளே 7 மி.மீ. குழாய் இருக்கையில் மரச்சுவருக்கு எஞ்சுவது ஒன்றரை மி.மீ. மட்டுமே. வெறுமையான துளையின் விளிம்பைத் தாங்க அங்கே எதுவும் இல்லை என்பதால் சிம்பு பெயர்ந்ததில் வியப்பில்லை. ஆகவே ஒவ்வொரு துளையும் பேனாவின் மையத்தை நோக்கி இறங்க வேண்டும். கடைவதற்கு முன்பே அது நிரப்பப்பட்டிருக்கவும் வேண்டும்.

12 ஏப்ரல், சனி

இம்முறை கட்டையில் நீளவாக்கில் 7 மி.மீ. துளையிட்ட பிறகு, அதை முதலில் 14 மி.மீ. உருளையாக மட்டும் கடைந்துகொண்டேன்; சதுரத்தின் சாய்ந்த முகத்தில் துளையிடும் அலகு வழுக்கி ஓடும், உருளையில் அந்தச் சிக்கல் இல்லை. என் கடைசல் எந்திரத்தின் சுழல்தண்டை 24 நிலைகளில் பூட்டி நிறுத்தலாம். ஒரு நிலைக்கு 15 பாகை. கீழ்ப்புள்ளிகளுக்கு இடையே நான்கு நிலைகள், அதாவது 60 பாகை. 10 மி.மீ. விட்டத்தில் அது 5.2 மி.மீ. வில்லாகிறது. மேற்புள்ளியை அவற்றின் நடுவில், 4.5 மி.மீ. தள்ளி வைத்தால் மூன்றும் சமதொலைவில் அமைகின்றன. உள்துளைக்குள் தற்காலிகமாக ஒரு மரக்குச்சியைச் செருகியிருந்ததால் அலகு உட்புறத்தைப் பிய்க்காமல் இறங்கியது. மூன்று துளைகளுக்கு முழு மாலையும் ஆகிவிட்டது. அடுக்குமாடி வீடு என்பதால் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் எந்திரத்தைத் தொடுவதில்லை.

13 ஏப்ரல், ஞாயிறு

துளைகளின் அடியில் தெரிய வேண்டிய நிறம் எது என்பதில்தான் நெடுநேரம் தயங்கினேன். வெறும் பித்தளை பொன்பழுப்பு மரத்தோடு கலந்து மங்குகிறது. கோலப்புள்ளியை நினைத்துக் குழாய்க்கு வெள்ளைச் சாயம் பூசி, காய்ந்தபின் தெளிந்த எப்பாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) ஒட்டி, அதே எப்பாக்சியால் துளைகளையும் நிரப்பினேன். சூப்பர் குளூவை வேண்டுமென்றே தவிர்த்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் அது வெளுத்துப் பூத்துவிடுகிறது. பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையின் அடியிலிருந்தும் காற்றுக்குமிழியை மேலே இழுத்துவிட்டேன். இடப்புள்ளியில் ஒன்று தப்பிவிட்டது. நாளை அதை மட்டும் குடைந்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

விடுமுறை நாள். கூர்தீட்டிய உளியால் மெல்லிய சீவல்களாக எடுத்தேன். எப்பாக்சி வெண்ணிற இழைகளாகவும் மரம் பழுப்புச் சுருளாகவும் கலந்து விழுந்தன. விளிம்பு எதுவும் பெயரவில்லை. உப்புத்தாள் இடும்போது அவசரப்பட்டால் உராய்வில் பித்தளை சூடேறி எப்பாக்சி இளகும் என்பதால், விரலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். துடைத்துவிட்டு விளக்கடியில் பிடித்தபோது, பழுப்பு மரத்துக்குள் சற்றே ஆழத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், மூன்றுமே வட்டமாக, நின்றன. இப்பேனாவின் மேற்பாதியைத் திருகித்தான் முனையை வெளியே எடுக்க வேண்டும். எழுத்தை அசையாத கீழ்ப்பாதியில் வைத்தது நல்லதாயிற்று.

26 ஏப்ரல், சனி

ஆசிரியையின் வீட்டுக்குச் சென்று கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேனாவைக் கண்ணருகே வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தடவினார். பிறகு பழைய உறை ஒன்றின் பின்புறத்தில் ‘எஃகு’ என்று எழுதினார்.

“எழுதும்போது எனக்கு எழுத்து நேராகத் தெரியுதுப்பா. ஆனா என் பேத்தி இடக்கை. அவ பிடிச்சா இது கைக்குள்ள மறைஞ்சிடுமே?” என்று கேட்டார்.

அடுத்த கட்டையை இன்றிரவே எடுத்து வைத்திருக்கிறேன். இடக்கைப் பிடியில் கட்டைவிரல் எங்கே அமர்கிறது என்பதை அந்தப் பிள்ளை பேனா பிடித்து எழுதுவதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் துளையிட வேண்டும்.