'சைக்கோ' படத்துக்கு இடைவேளை எங்கே விடுவது?

(கடற்கரை ஊர்களில் திறந்தவெளியில் திரை கட்டிப் படம் போடுகிறவர்களுக்கு இது. கதையின் முன்பாதியும் கடைசிக் காட்சியும் இதில் வெளிப்படும். அந்தப் பெரிய முடிச்சைத் தொடவில்லை.)

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) என்றாலே குளியலறைக் கொலையைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், நெஞ்சைப் பிசைவது அதற்குப் பின்னால் வரும் பேச்சில்லாத பத்து நிமிடம். கொலை நடந்த விடுதியை நடத்தும் நார்மன் தரையைக் கழுவுகிறான். உடலைத் திரைச்சீலையில் சுற்றி கார் டிக்கியில் கிடத்துகிறான். கொலையான பெண் திருடிவந்த 40,000 டாலர் பொதிந்த செய்தித்தாளை, உள்ளே இருப்பது தெரியாமலே, அதில் வீசுகிறான். காரைச் சதுப்பில் தள்ளுகிறான். பாதி முழுகியதும் கார் நின்றுவிடுகிறது. எதையோ மென்றுகொண்டிருந்த அவன் வாயும் நிற்கிறது. 'இறங்கு, இறங்கு' என்று நம் மனசும் சேர்ந்து காரை அழுத்துகிறது. இறங்கியதும் மூச்சு விடுகிறோம். கொன்றதை மறைக்கிறவனுக்கு நாமும் கைகொடுத்துவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

படம் 109 நிமிடம். சரிபாதியில் நிறுத்தினால் நார்மன் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரியும், எல்லோரும் டீக்கு எழுந்துவிடுவார்கள். நார்மனோடு நாம் சேர்ந்த கூட்டு உடைந்துபோகும். கார் முழுகி, திரை இருண்டு, ஹார்டுவேர் கடையில் ஒருவன் கடிதம் எழுதும் காட்சி தொடங்குமே, அதற்கு முன் நிறுத்துங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நம் கரையில் திரை கட்ட வசதியான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் அப்போதுதான் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றும் கிளம்பும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் என்றால் தென்கடல் கரை வேண்டாம்; வடகடல் கரையில் வீடும் மரமும் காற்றை மறிக்கும். திரையைத் தென்மேற்கில் நிறுத்துங்கள். காற்றே ஒலியைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும். திரை பாய்போல் உப்பாமலிருக்க, பின்னால் ஓலைத்தட்டி கட்டி, அடிவிளிம்பையும் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். மணலில் உட்காருகிறவர்களின் தலை வசனவரியை மறைக்கும் என்பதால் அடிவிளிம்பு நாலடி உயரத்தில் இருக்கட்டும். மேற்கு வானத்தின் வெளிச்சம் அடங்க ஏழரை ஆகும். அதற்குமுன் தொடங்காதீர்கள். ஜெனரேட்டர் கூட்டத்துக்கு வடகிழக்கே, குறைந்தது நூறடி தள்ளி, ஒரு சுவருக்கு அப்பால்.

ஒலியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கொலைக்குமுன் நார்மனும் அந்தப் பெண்ணும் தணிந்த குரலில் பேசுகிறார்கள். கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிவிட்டால், பிறகு வயலின்கள் கீச்சிடும்போது ஸ்பீக்கர் கிழியும், கூட்டம் பயப்படாமல் சிரித்துவிடும். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்துக்குத் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்தினார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த ஹிட்ச்காக்கும் கேட்டபின் மனம் மாறினார். ஆகவே முதலில் அந்த வயலினை ஓட்டி, கிழியாத அளவில் ஒலியை நிறுத்துங்கள். மெல்லிய பேச்சுக்காக ஆட்களை முப்பதடிக்குள் நெருக்கி உட்கார வையுங்கள். படத்தின் ஒலி மோனோ. திரைக்கு நடுவில் ஒரு நல்ல பெட்டி போதும். குழாய் ஸ்பீக்கரும் எக்கோவும் கூடவே கூடாது.

இன்னொன்று. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இல்லாத தெரு நம் ஊர்களில் இல்லை. உடலோடு ஒரு வண்டி தண்ணீருக்குள் போகும் காட்சி இருக்கிறது என்று படம் போடும் முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள். எழுந்து போகிறவர்களுக்கு ஓரத்தில் வழி விடுங்கள். சிறுபிள்ளைகள் அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசியில் மனநல மருத்துவர் நெடுநேரம் விளக்குவார். படம் முடிந்தது என்று கூட்டம் பாயைச் சுருட்டும். அப்போது விளக்கைப் போட்டுவிடாதீர்கள். சதுப்பிலிருந்து சங்கிலி கட்டி அந்தக் காரை இழுக்கிறார்கள்; அதுதான் கடைசிக் காட்சி.