பட்டு அவித்த தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு நெசவு நிலையத்துக்கு ஏழு வருஷம் பொறுப்பாக இருந்தேன். ஆறு தறி, ஓடியது நாலு. மற்ற இரண்டிலும் பழுது ஒன்றுமில்லை, பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, போட நூல்தான் இல்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு எங்களுக்கு உதவ வந்தவர்கள் எல்லாரும் தறிதான் தந்தார்கள். தறிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். நூல் கட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னத்தை எடுக்கிறது!

எங்கள் மூத்த நெசவுக்கார அக்கா 1973 இல் வேலைக்கு வந்தவ. "அப்ப வெளித்துணி வராது பிள்ளை. சேலை தறியில இருக்கேக்கையே சொல்லி வைச்சிட்டுப் போவினம்" என்பா. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, அந்தச் சேலைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கல்வியங்காட்டில் செங்குந்தா என்ற பள்ளிக்கூடப் பெயரில் நெசவுக் குலம் இருக்கிறது, ஒழுங்கைகளில் தறிச் சத்தம் இல்லை. நாங்களும் சாரம், துவாய், படுக்கை விரிப்பு என்று காலத்தை ஓட்டினோம். கலியாணக் கூறை மட்டும் எப்போதும் இந்தியாவிலிருந்துதான்.

அந்த ரோசத்தில்தான் 2014 இல் இரண்டு கிலோ கச்சாப் பட்டு எடுப்பித்தேன். பட்டிழையில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. சவர்க்காரத் தண்ணீரில் அவித்து அதைப் போக்கினால்தான் மினுக்கமும் மெதுமையும் வரும். வளவுக் கிணற்றில் அள்ளி, பெரிய கிடாரத்தில் அவித்தோம். நுரையே வரவில்லை. தண்ணீரின் மேல் தயிர் திரைந்ததுபோல வெள்ளையாக ஏதோ மிதந்தது. காய்ந்த பிறகு பட்டு தும்புக் கயிறு மாதிரி விறைத்து நின்றது. சாயமும் திட்டுத் திட்டாய்ப் பிடித்தது. நான் நூல் விற்றவனைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா கிடாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பே ஒழுங்கா அவியாது. பட்டு அவியுமே?"

சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே குந்தியிருக்கிற ஊர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் சுரண்டுகிற எனக்கு அது உறைக்கவில்லை. சவர்க்காரம் முழுவதும் சுண்ணாம்போடு சேர்ந்து திரைந்திருக்கிறது. கார்த்திகை மழை மட்டும் பொறுத்திருந்தோம். தகரக் கூரைக்குக் கீழே நாலு பீப்பாய் வைத்துப் பிடித்த தண்ணீரில் மிச்சப் பட்டை அவித்தோம். நுரை பொங்கியது. ஒரு கிலோ போட்டதற்கு முக்கால் கிலோதான் தராசில் நின்றது. பசையின் நிறைக்கும் காசு கொடுத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஆனால் கையில் எடுத்தால் பூனைக்குட்டி!

முழுப் பட்டுப் பாவு சரிவரவில்லை. பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற எங்கள் அச்சு பருத்திக்கு அளவானது. சோளகக் காற்று தொடங்க இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்தது. யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டும் பார்த்தோம். நெய்த துணியின் நீளத்துக்குத்தான் கூலி, முடிச்சுப் போடுகிற நேரத்துக்கு இல்லை. இருந்த ஒரே இளம்பிள்ளை அந்த மாதமே ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே மாதச் சம்பளம், சேமலாப நிதி. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பாவு பருத்தி, குறுக்கே ஓடும் ஊடை பட்டு என்று மாற்றினோம். தமிழ்நாட்டின் பேர்பெற்ற கூறைநாட்டுச் சேலையே பட்டும் பருத்தியும் கலந்ததுதானே, எங்களுக்கென்ன வெட்கம்? அறுகிறது நின்றது. சால்வையாக நெய்து கோயில் திருவிழாக் காலத்தில் விற்றோம். பெரிய லாபமில்லை, ஆனால் அடுத்த கட்டு நூலுக்குக் கடன் கேட்கத் தேவைப்படவில்லை.

நான் விலகின வருஷம் ஒரு உதவித் திட்டக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு மழைநீர்த் தொட்டி, ஆறு மாதத்துக்கு நூல், முடிச்சு நேரத்துக்கும் சேர்த்துக் கூலி என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து லொறி வந்தது. படங்கை விலக்கிப் பார்த்தால் ஏழாவது தறி.