கை நகர்த்தும் தையல்: ஃப்ரீ மோஷன் குயில்டிங் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

குளிர்நாட்டுக்குக் குடிவந்த நம்மவர்களில், முன்பே தையல் தெரிந்தவர்கள் சிலர் இங்கே குயில்ட் பக்கம், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை பக்கம், திரும்புகிறார்கள். சீக்கிரம் இருட்டிவிடும் மாதங்களுக்கு ஏற்ற வேலை அது. குயில்ட் குழுக்களில் பேச்சு முழுக்கப் புரியாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கையைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். துண்டுத் துணிகளை நேர்கோட்டில் இணைப்பது வரை பழைய அனுபவம் கைகொடுக்கும். அடுக்குகளைச் சேர்த்து நெளிநெளியாகத் தைக்கும் ஃப்ரீ மோஷனில் அதுவே கொஞ்ச நாளைக்கு இடைஞ்சல். சட்டை தைக்கும்போது துணியை மிஷின் இழுத்துக்கொண்டு போகும், நாம் திசை காட்டினால் போதும். இங்கே மிஷின் இழுக்காது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் துணியை நகர்த்துவது முழுக்க நம் கை.

மிஷினை ஊரிலிருந்தே கொண்டுவர நினைத்தால் முதலில் அதன் தகட்டில் உள்ள வோல்ட் அளவைப் பாருங்கள். 230 வோல்ட்டுக்கான மிஷின் அமெரிக்கா, கனடாவின் 120 வோல்ட்டில் சரியாக ஓடாது. இங்கேயே வாங்குவதானால், எத்தனை வகைத் தையல் போடும் என்பது இந்த வேலைக்கு முக்கியமல்ல. துணியை இழுக்கும் ஃபீட் டாக் என்கிற அடிப்பற்களை இறக்கவோ மூடவோ முடிகிறதா, துணியை அழுத்திப் பிடிக்காத டார்னிங் ஃபுட் என்கிற பாதம் பொருந்துகிறதா, ஊசிக்கு வலப்பக்கம் துணியைச் சுருட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பழகுவதற்கு 14 அங்குலச் சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். மேலும் கீழும் பருத்தித் துணி, நடுவே பேட்டிங் என்றோ வாடிங் என்றோ கடையில் கேட்டால் கிடைக்கும் பஞ்சு விரிப்பு. நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக வளைந்த சேஃப்டி பின் குத்தி மூன்றையும் பிடித்துவையுங்கள். ஊசி 90/14, நூல் 50 எண் பருத்தி. மேல்நூலும் பாபின் நூலும் (அடிநூலும்) ஒரே நிறமாக இருக்கட்டும். டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சற்றுப் பிசகினாலும் கண்ணில் படாது.

நூல் கோக்கும்போது ஃபுட் மேலே தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் போய் உட்காரும். அடிப்பற்களை இறக்கி, தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். துணியை வைத்ததும் ஃபுட்டை இறக்க மறக்காதீர்கள். டார்னிங் ஃபுட் துணியை அழுத்திப் பிடிக்காததால், அது இறங்காததே பலருக்குத் தெரிவதில்லை. அப்படியே தைத்தால் மேல்நூலுக்கு இறுக்கம் இல்லாமல் அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். ஒரு தையல் போட்டு பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, நாலைந்து மிகச் சிறிய தையல்களால் முடிச்சிட்டுப் புறப்படுங்கள்.

இனி எல்லாம் வேகம்தான். மிதியின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்துதான் தையலின் நீளத்தை முடிவு செய்கின்றன. கை முந்தினால் தையல் நீளும், மிஷின் முந்தினால் குட்டையாகும். பயத்தில் மிதியை விட்டுவிட்டு மிதிப்பதுதான் தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்வது. அதில் சீர் வரவே வராது. மிதியை நடுத்தர வேகத்தில் நிலையாக வைத்து, கையை நிதானமாக நகர்த்துங்கள். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வந்தால் நல்லது. ரப்பர் பிடிப்புள்ள கையுறை இருந்தால் விரலை அழுத்தாமலே துணி நகரும். கை எட்டாத இடம் வந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பிறகு கையை மாற்றி வையுங்கள். வளைவின் நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு முண்டு தெரியும், கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தினால் தெரியாது.

முதல் வடிவமாக நெளிந்து நெளிந்து போகும் மீயாண்டர் போதும். அதைக் காகிதத்தில் பென்சிலை எடுக்காமல் பக்கம் பக்கமாக வரைந்து பாருங்கள். அடுத்து எங்கே திரும்புவது என்று யோசிக்காமல் கை போகத் தொடங்கியபின் மிஷினில் உட்காரலாம்.

பின்பக்கம் வளைவுகளில் கண்ணிமை மயிர்போல நூல் வளையங்கள் நின்றால், வளைவில் கை அவசரப்பட்டிருக்கும், அல்லது மேல்நூல் தளர்ந்திருக்கும். மேலே பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறையுங்கள். ஊசி உடைகிறதா? துணியை இழுக்கும்போது ஊசி வளைந்து தகட்டில் இடிக்கிறது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். சுமார் எட்டு மணிநேரம் தைத்த ஊசியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். பெரிய குயில்ட் மேசை விளிம்பில் தொங்கினால் அதன் எடை கையைப் பின்னுக்கு இழுத்துத் தையலைக் கெடுக்கும். இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேசையோ நாற்காலியோ போட்டுத் தாங்குங்கள்.

எதைப் பிரிப்பது, எதை விடுவது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். விரல் மாட்டக்கூடிய வளையம், அடித்துணியில் விழுந்த மடிப்பு, வரிசையாகத் தவறிய தையல் ஆகியவை குயில்ட்டின் உறுதியைக் கெடுப்பவை. அவற்றைப் பிரித்தே ஆகவேண்டும். பின்பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு முன்பக்க நூலை இழுத்தால் துணி கிழியாமல் வந்துவிடும். நீளம் மாறிய தையல், கோணிய வளைவு, ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட கோடுகள் இவற்றால் போர்வை பலவீனமாகாது. விட்டுவிடுங்கள். மூக்கருகே வைத்துப் பார்க்கும் கண்ணுக்குத்தான் அவை குறை, கட்டிலில் விரித்தால் ஒட்டுமொத்த நெளிவுதான் தெரியும். ஒரு கோணல் வளைவைத் திருத்தப் பிரித்துத் தைத்த இடத்தில் ஊசித் துளைகள்தான் கூடும். அடர்த்தி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஓரிடத்தில் நெருக்கியும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் தைத்தால் குயில்ட் தட்டையாக விழாது.

முதல் முழுக் குயில்ட்டுக்குத் தொட்டில் அளவு, அதாவது 36க்கு 45 அங்குலம் போதும். அடித்துணி நெருக்கமான பூப்போட்டதாக இருக்கட்டும், பிசகை அது விழுங்கிக்கொள்ளும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கித் தையுங்கள். பருத்திப் பேட்டிங் என்றால் முதல் சலவையில் சற்றுச் சுருங்கி மேலெல்லாம் சிறு சுருக்கங்கள் விழும், பெரும்பாலான ஏற்றத்தாழ்வு அதில் மறைந்துவிடும். அதனால் சலவை ஆகும்வரை அழகுக்காக எதையும் பிரிக்காதீர்கள்.