வடிகட்டியைக் கடந்து வந்த குரோமியம்

ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பகுதிகளின் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்கும் ஆய்வக வேலையில் நான் சேர்ந்தபோது, குரோமியம் என்ற உலோகத்தைப் பற்றி எனக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கு எளிமையானது. தோல் பதனிடப் பயன்படும் அதன் ஒரு வடிவமான மூவிணைதிறக் குரோமியம் களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கும். நீரோடு நகர்வது மற்றொரு வடிவமான ஆறிணைதிறக் குரோமியம் மட்டுமே. பல ஆண்டுகள் இதை ஐயமின்றி நம்பினேன்.

தோல் கழிவுநீர் பாய்ந்த வயலின் மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே நீர் ஊற்றி, கீழே வடிவதைச் சோதிப்போம். உப்புநீர் ஊற்றியவரை வடிநீர் தெளிவாக இருந்தது. குரோமியமும் மிகக் குறைவு. மழைநீரை ஒத்திருக்கட்டும் என்று ஒருநாள் வாலைவடி நீருக்கு, அதாவது காய்ச்சி வடித்த உப்பற்ற நீருக்கு, மாற்றியதும், வடிநீர் தேநீர் நிறத்தில் கலங்கி வந்தது; குரோமியமும் கூடவே உயர்ந்தது. குழாயில் மண் சரியாக அமரவில்லை என்று எண்ணிப் புதிதாக அடைத்துப் பார்த்தேன். மீண்டும் அதே கலங்கல்.

கலங்கலாக வந்தவை கூழ்மத் துகள்கள். ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் புறப்பரப்பு பெருகும். மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் ஒரு கிராமில் அது சுமார் 700 சதுர மீட்டர். அந்தப் பரப்பெங்கும் உள்ள எதிர்மின்னேற்றம், நேர்மின்னேற்றமுள்ள உலோக அயனிகளை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அதே மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் உப்பு மிகுந்திருக்கும்வரை அந்த விலக்கம் அடங்கி அவை திரண்டு கிடக்கும். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண் திரண்டு அடியில் படிவதும் இத்தகைய திரட்சியே. தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பின் சோடியம் ஏறிய மண்ணில், வடகிழக்குப் பருவமழையின் நன்னீர் இறங்கும்போது அந்தத் திரட்சி குலைகிறது. பிரிந்த துகள்கள், தாம் பற்றிய உலோகத்தையும் சுமந்து, வேர்த்துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் கீழே இறங்குகின்றன.

இதைவிட என்னை வருத்தியது எங்கள் அறிக்கைகளில் இருந்த ஒரு சொல். 0.45 மைக்ரான் வடிகட்டியைக் கடந்த அனைத்தையும் ‘கரைந்தது’ என்றே எழுதிவந்தோம். அன்று வடிகட்டிய நீரிலும் பழுப்பு நிறம் எஞ்சியிருந்ததால், அதை மையவிலக்குக் கருவியில் அதிவேகத்தில் நெடுநேரம் சுழற்றினேன். அடியில் மெல்லிய பழுப்புப் படிவு சேர்ந்தது. குரோமியத்தின் பெரும்பகுதி அதில்தான் இருந்தது.

அமெரிக்காவின் நெவாடாவில் 1968-இல் நடந்த ‘பென்ஹாம்’ நிலத்தடி அணுவெடிப்பின் புளூட்டோனியம், 1.3 கிலோமீட்டருக்கு அப்பால் நிலத்தடி நீரில் கூழ்மத் துகள்களோடு இணைந்திருந்ததை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாறையில் ஒட்டி நின்றுவிடும் என்று கருதப்பட்ட உலோகம் அது. அந்த ஆய்வை முன்பே படித்திருந்தும் எங்கள் வயல்களோடு நான் பொருத்திப் பார்க்கவில்லை.

“மழை பேஞ்சா நாலு நாளைக்குக் கெணறு தெளியவே மாட்டேங்குது சார்” என்று ஒரு விவசாயி முன்பு சொன்னபோது, தெளிந்தபின் மாதிரி எடுத்துத் தாருங்கள் என்றுதான் பதில் சொல்லியிருந்தேன். அடுத்த மழையில் நானே அவருடைய கிணற்றுக்குச் சென்று, கலங்கல் நீரையே புட்டியில் நிரப்பி, அதில் ‘0.45 மைக்ரானைக் கடந்தது’, ‘சுழற்றியபின் எஞ்சியது’ என இரண்டு அளவுகள் கேட்டு ஆய்வகத்தில் சேர்த்தேன்.