போகிக்கு முந்தைய சுவர்கள்

ஜனவரி 4, 2025, சனி

மழை விட்டு வெயில் ஏறியதும் ராயபுரத்துச் சந்துகளில் உப்புப் பூக்கத் தொடங்கிவிடும். சுவருக்குள் ஏறிய ஓதம் வெளியே வந்து ஆவியாகிறது; கரைந்து வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிக் காரையை உள்ளிருந்து நெம்புகிறது. கிட்டத்தட்ட இடுப்பு உயரம் வரைக்கும்தான் இந்த வேலை. அதற்கு மேல் சுவர் சாதாரணமாக இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் கோணல் மாணலாக ஒரு விளிம்பு: பழுப்பு, கொஞ்சம் பாசிப்பச்சை, ஊடே வெள்ளைப் பொருக்கு. காலை முழுக்க அந்த விளிம்பின் பின்னாலேயே நடந்தேன்.

ஜனவரி 6, திங்கள்

ஒரு பழைய வீட்டின் வெளிச்சுவரில் காரை பெயர்ந்து சுண்ணாம்பு அடுக்குகள் தெரிந்தன. நீலம் போட்ட வெள்ளை, காவி, வெளிர்பச்சை, ரோஸ், மறுபடி வெள்ளை. ஒவ்வொன்றும் ஒரு பொங்கலாக இருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் யாரோ எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், எமல்ஷன் விடாது. அந்த இடம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது.

திண்ணைக்கு மேலே, சாய்ந்து உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், எண்ணெய் ஏறிக் கறுத்த இரண்டு வட்டங்கள். ஒன்று சற்றே தாழ்ந்திருந்தது. இவ்வளவு சரியான இடைவெளியில் இரண்டு வட்டங்களை வைக்க எனக்கு வராது.

செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆயா ஒருவர் வெளியே வந்தார்.

"ஏம்மா, கார்ப்பரேஷனா?"

"இல்ல ஆயா, நான் படம் வரையறவ."

"இதையா வரையப் போற? இந்த ஓதத்தால என் பேரனுக்கு ராவெல்லாம் இழுப்பு. வீட்டுக்காரன் வாடகைக்கு மட்டும்தான் வர்றான். வரைஞ்சா அதையும் சேத்து வரை."

பையனின் இழுப்புக்கும் நான் ரசித்த வெள்ளைப் பொருக்குக்கும் ஒரே ஈரம்தான் காரணம். அது தெரிந்த பிறகும் சுவர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. உறுத்துகிறது, ஆனாலும் பிடித்திருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

நண்பர் ஒருவர் கிராக்கிள் மீடியம் வாங்கித் தந்தார். பூசினால் தானாக வெடிக்குமாம். வெடித்தது, மூலைக்கு மூலை ஒரே மாதிரி. சுவரில் அப்படி நடக்காது. ஆணி அடித்த இடத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பும், சைக்கிள் ஹேண்டில் உரசி ஒரு கீறல் விழும், குழாய்க் கசிவோடு துரு இறங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கடை ஷட்டரின் அடிப்பகுதி செதில் செதிலாகப் பிரிவது அதனால்தான். அரூப ஓவியத்தில் விஷயமே இல்லை என்பவர்களை அந்த ஷட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க ஆசை.

பார்சிலோனா ஓவியர் அந்தோனி தாப்பியெஸ் (1923–2012) 1950களில் வண்ணத்தோடு பளிங்குத் தூளும் மணலும் கலந்து கனமாக அப்பி, கீறினார், சுரண்டினார். எனக்கு அதிலிருந்து இன்னும் ஓர் அடி தள்ளிப் போகத் தோன்றுகிறது. செங்கல் பலகம் ஒன்றில் சுண்ணாம்புக் காரை பூசி முன்பே காயவைத்திருந்தேன். இன்று அதை உப்புத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தியாயிற்று. ஏறட்டும்.

ஜனவரி 11, சனி

மேம்பாலத்துக்குக் கீழே போஸ்டர் சுவர். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிராக 1959லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. மைதாப் பசைக்கு அது தெரியாது. சினிமா, கட்சி மாநாடு, பூப்புனித நீராட்டு விழா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அட்டை கனத்துக்கு வந்திருந்தன. பாரிசில் ழாக் வில்லெக்லே என்ற கலைஞர் 1949 முதல் இப்படிக் கிழிந்த போஸ்டர்களைச் சுவரோடு உரித்துக் கொண்டுபோய்த்தான் படைப்பாக்கினார். நானும் ஒரு முனையைப் பிடித்து உரித்தேன். அடியில் கண்ணீர் அஞ்சலி. ஒரு பெரியவரின் பாதி முகம். அப்படியே விட்டுவிட்டேன். ஆடு தின்றால் அது வேறு.

ஜனவரி 13, போகி

தெருவெல்லாம் புகை. ஆயா வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. "நின்னு பாக்கறதுக்கு அந்த மட்டையைப் புடி" என்றார். பிடித்தேன். நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கும்போது கண்ணாடித் தண்ணீர் போலத்தான் தெரிகிறது, காயக் காயத்தான் வெளுக்கிறது. எண்ணெய் வட்டங்களின் மேல் எத்தனை முறை இழுத்தாலும் ஒட்டவில்லை. ஆயாவின் மருமகன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்து, அப்புறம் சலித்துப்போய் அங்கே முருகன் காலண்டரை மாட்டிவிட்டார். முழங்கை வரை எனக்கு எரிச்சல். தேங்காயெண்ணெய் ஆயா தந்தார்.

ஜனவரி 18, சனி

பலகத்தில் உப்பு ஏறிவிட்டது. நான் எதிர்பார்த்த பொருக்காக வரவில்லை. மெல்லிய பஞ்சு முடிகள், அதுவும் இடப்பக்கம் மட்டும் உயரமாக. ஜன்னல் காற்று அந்தப் பக்கம்தான் படுகிறது. காவியைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மேல்பாதி வெறும் சுண்ணாம்பாகவே இருக்கும்.

கேலரியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பிடித்திருக்கிறதாம். வாங்குபவர் வீட்டுத் தரையில் உப்பு உதிருமா, மேலே வார்னிஷ் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். உதிரும், வார்னிஷ் அடிக்க மாட்டேன், துடைப்பம் வேண்டுமானால் சேர்த்துத் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம்.